மனநலம்

சிங்கப்பூரில் ‘மனநலம்’ என்ற சொல்லை நாம் பெரும்பாலும் நோயோடு சேர்த்தே கேட்டுப் பழகிவிட்டோம். ‘மனநலப் பிரச்சினை’, ‘மனநலம் குன்றியவர்’ ஆகிய தொடர்களே காதில் அதிகம் விழுவதால், சொல்லும் நோயின் பெயர்போல ஒலிக்கத் தொடங்கிவிட்டது.

‘மனம்’ வடமொழி ‘மனஸ்’ என்பதோடு தொடர்புடையது என்பதே பரவலான கருத்து. தமிழ் வேர் காட்டுவாரும் உண்டு. ‘நலம்’ ஐயமின்றித் தமிழ். ‘நல்’ என்னும் அடியிலிருந்து நன்மை, நன்று, நல்ல ஆகியவற்றோடு பிறந்த அச்சொல் நன்மையை மட்டுமன்றி அழகையும் குறிக்கும். குறளின் 112ஆம் அதிகாரமாகிய ‘நலம்புனைந்துரைத்தல்’ தலைவியின் அழகைப் பாராட்டுவதே.

இரண்டும் இணைந்த வடிவமும் பழையதே. ‘மனநலம் மன்னுயிர்க் காக்கம் இனநலம் எல்லாப் புகழும் தரும்’ என்பது சிற்றினஞ்சேராமை அதிகாரத்துக் குறள் (457). இங்கே மனநலம் என்பது மனத்தின் நன்மை, அதாவது ஒழுக்கம் சார்ந்த தூய்மை. மருத்துவப் பொருள் பிற்காலத்தில் ஏறியது. அடுத்த குறளோ, மனநலம் நன்கு உடைய சான்றோர்க்கும் இனநலம் வலிமை சேர்க்கும் என்கிறது. இந்த ‘இனம்’ நாம் ‘இன நல்லிணக்கம்’ என்னும்போது கொள்ளும் பொருளில் வருவதன்று. ஒருவர் சேர்ந்து பழகும் கூட்டத்தையே அது சுட்டுகிறது.

1928இல் இயோ சூ காங் வட்டாரத்தில் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை 1951இல் ‘உட்பிரிட்ஜ்’ என்று பெயர் பெற்றது. அப்பெயரே நாளடைவில் பேச்சில் ஏளனச் சொல்லாகிவிட்டது. இன்று புவாங்கோக்கில் இருக்கும் நிலையம் ‘மனநலக் கழகம்’ எனப்படுகிறது. நோயின் பெயர் போய் நலத்தின் பெயர் வந்தது நல்ல மாற்றமே, ஆனால் சொல்லை மாற்றியதும் மக்கள் மனம் உடனே மாறிவிடுவதில்லை.

‘பாசிட்டிவ் மெண்டல் ஹெல்த்’ என்பதைச் சிலர் ‘நேர்மறை மனநலம்’ என்று எழுதுகிறார்கள். நலம் என்பதே நன்மையாதலால் அந்த அடைமொழி எனக்கு மிகையாகத் தோன்றுகிறது. 1948இல் நடப்புக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் சாசனம், நோயின்மை மட்டுமே நலமாகாது, உடலும் மனமும் சமூக வாழ்வும் நிறைவாக இருப்பதே நலம் என்று வரையறுத்ததும் இதே பொருளைத்தான். ஆகவே ‘மெண்டல் ஹெல்த்’ என்பதற்கு ‘மனநலம்’, அதை வளர்க்கும் பணிக்கு ‘மனநல மேம்பாடு’, ‘வெல்பீயிங்’ என்பதற்கு ‘நல்வாழ்வு’ என்று கொண்டால் போதும். ‘மனநிறைவு’ இவற்றுக்கு ஈடாகாது. அது திருப்தியை மட்டுமே குறிக்கும்.

இங்கு 2011இல் வெளியான ஓர் அளவுகோல், நோயைத் தேடாமல் மனநலத்தையே ஆறு கூறுகளாகப் பிரித்து அளந்தது. இடர்களைச் சமாளிக்கும் திறனோடு, பிறரிடமிருந்து கிடைக்கும் உணர்வாதரவும் பிறரோடு பழகும் திறனும் அவற்றுள் அடங்கும். குறள் ‘இனநலம்’ என்றதற்கு இவை அருகில் வருகின்றன.