ஓட்டுக்கு மட்டும் 20 மணி நேரம்

முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றினால், மஞ்சள் கருவின் இரு பக்கமும் முறுக்கிய வெள்ளை நூல் போல ஒன்று தெரியும். குஞ்சு உருவாகிவிட்டதோ என்று சிலர் அதைக் கரண்டியால் எடுத்துப் போடுவார்கள். குஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முட்டை கோழிக்குள் சுழன்றுகொண்டே வந்ததில் விழுந்த முறுக்கு அது.

பெட்டைக் கோழிக்குப் பொதுவாக இடப்பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். அதில் சின்னதும் பெரியதுமாக மஞ்சள் உருண்டைகள் திராட்சைக் கொத்துப் போலத் தொங்கும். அவற்றுக்கான கொழுப்பும் புரதமும் கல்லீரலில் தயாராகி ரத்தத்தில் வருகின்றன. கடைசிப் பத்து நாளில் கிடுகிடுவென்று பெருத்து, மூத்த உருண்டை முதலில் கழன்று விழும். முட்டைக்குழாயின் புனல் வாய் அதைப் பிடித்துக்கொள்ளும். சேவலோடு சேர்ந்த கோழி என்றால், கருக்கட்டுவது இந்தப் புனலில்தான். அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய கால் மணி நேரம். அப்புறம் வெள்ளைக் கரு வந்து மூடிவிடும். சேவலே இல்லாவிட்டாலும் முட்டை தன்பாட்டுக்கு நகரும்.

வெள்ளைக் கரு சேர 3 மணி நேரம். அடுத்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், இரண்டு சவ்வுகள் போர்த்தும். அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு படுத்துகிறதே, அதுதான்.

சரி, ஐந்து மணி நேரத்தில் உள்ளே இருப்பதெல்லாம் தயார். ஓடு போடத்தான் இன்னும் 20 மணி நேரம். ஓடு என்பது கிட்டத்தட்ட முழுக்கச் சுண்ணாம்பு. ஒரு ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். அதில் பெரும்பகுதி படிவதோ கோழி இரை தின்னாமல் தூங்கும் இரவில். அப்போது கோழி தன் எலும்பைக் கரைக்கிறது! முட்டையிடும் பருவத்தில் எலும்புக்குள் இதற்காகவே ஒரு தனி எலும்புத் திசு வளர்ந்திருக்கும். பகலில் தின்ற தீவனம் அதை மறுபடி நிரப்பும். தீவனத்தில் கால்சியம் குறைந்தால் ஓடு மெலியும், சில சமயம் தோல் முட்டையே விழும். கடும் வெயிலிலும் ஓடு மெலிவதுண்டு. கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடும். சுண்ணாம்பு உருவாக அதுவும் தேவை. பழுப்பு முட்டைக்கு நிறம் ஏறுவது பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்தில்தான்.

ஆக மொத்தம் 25 மணி நேரம். இட்ட சுமார் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் அடுத்த மஞ்சள் கரு கழன்றுவிடும். ஆனால் நாளுக்கு 24 மணி நேரம்தானே? அதனால் முட்டையிடும் வேளை தினமும் கொஞ்சம் தள்ளிப்போகும். மஞ்சள் கருவைக் கழலச் செய்யும் ஹார்மோன் சுரப்பது பெரும்பாலும் இரவில். அந்த வேளை தப்பினால் அடுத்த இரவுவரை காத்திருக்க வேண்டும். அன்றைக்குக் கோழிக்கு லீவு.