குழாயும் பீமும் மோதிக்கொண்டால்

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர், பைப் வெல்டராம், கேட்கிறார்: "1984-லேயே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் ஓடியதே. இப்போது அணு உலையைக் கட்டும்முன்பே கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாக வரைந்து பார்க்கிறார்களாமே. அப்போது இல்லாத அந்த மாடல் இப்போது எதற்கு?"

வியாசர்பாடியில் நான் வீடு கட்டியபோது நடந்ததைச் சொல்கிறேன். பிளான் போட்டு முடித்தபின், வாஸ்து பார்த்தவர் பேச்சைக் கேட்டுக் குளியலறையை நகர்த்தினோம். குழாய்க்குக் குறுக்கே பீம் வந்தது. மேஸ்திரி உளியை எடுத்தார். (வாஸ்துவுக்குப் பீம் இருப்பது தெரியாது போலிருக்கிறது.)

அணு உலைக் கட்டடத்தில் உளியை எடுக்க முடியாது. சுவர் தடிமன், உள்ளே நெருக்கமான கம்பி. கம்பியை வெட்டினால் வலிமைக் கணக்கை மறுபடி போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். கான்கிரீட் போடும்முன்பே ஓட்டை சரியான இடத்தில் இருந்தாக வேண்டும். அதனால் சிவில், பைப்பிங், எலக்ட்ரிக்கல் எல்லோரும் ஒரே தரவுத்தளத்தில் வரைகிறார்கள். அதில் குழாய் வெறும் கோடு இல்லை. விட்டம், உலோகம், வெல்டிங் எக்ஸ்ரே விவரம் வரை அதோடு ஒட்டியிருக்கும்.

எது எதோடு மோதுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு லட்சம் பொருள் என்றால் சுமார் 500 கோடி ஜோடி. ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் கட்டுப்படியாகாது. கும்மிடிப்பூண்டி ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கொருக்குப்பேட்டையில் ஏறித் திருவொற்றியூரில் இறங்கியவரும், அதைத் தாண்டி எண்ணூரில் ஏறி மீஞ்சூர் போகிறவரும் சீட்டுக்குச் சண்டை போடவே முடியாது. மென்பொருளும் ஒவ்வொரு பொருளையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து, கட்டடத்தின் நீளவாக்கில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போகிறது. பெட்டி தொடங்கினால் ஏற்றம், முடிந்தால் இறக்கம். புதிதாக ஏறியவரை, அப்போது வண்டியில் இருப்பவர்களோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். அகலத்திலும் உயரத்திலும்கூட ஒன்றன்மேல் ஒன்று படுகிற ஜோடிகளுக்கு மட்டுமே உண்மையான வடிவத்தை வைத்து நுணுக்கமான கணக்கு. 500 கோடி கரைந்தே போகும்!

தொடாமலும் மோதல் உண்டு. 10 மீட்டர் எஃகுக் குழாய் 250 டிகிரி சூடேறினால் சுமார் 3 செ.மீ. நீளும். மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் குழாய்கள் ஆங்காங்கே 'ப' போல வளைந்து போவது இந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான். அந்த இடத்தையும் மாடலில் ஒதுக்குவார்கள்.

அப்புறம் உங்கள் கை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குழாயைச் சுற்றி வர இடம் வேண்டாமா? வெல்டிங் வருகிற இடத்தில் காலியாக ஒரு பெட்டி வரைந்து வைக்கலாம். அதற்குள் வேறு குழாய் தலை நீட்டினால் அதுவும் மோதல் கணக்கில்தான் சேரும்.