பலாவா குடில்: பேச்சுக்கும் சண்டைக்கும் ஒரே சொல்

பலாவா குடில்: பெயர்ச்சொல். மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் ஊர் நடுவே நிற்கும் வட்டமான கூரைக் கொட்டகை. சுற்றிலும் குட்டைச் சுவர், அதற்கு மேல் திறப்பு. முன்பு ஓலை வேய்ந்தார்கள், இன்று பல ஊர்களில் தகரம். ஊரார் கூடி வழக்குப் பேசித் தீர்க்கும் இடம். அங்கே நடக்கும் தீர்வு முறைக்கும் இதே பெயர்தான்.

‘பலாவா’ ஆப்பிரிக்கச் சொல் அன்று. கிரேக்கத்தில் ‘பரபோலே’ என்றால் ஒன்றை மற்றொன்றின் அருகே வைத்தல், உவமை. லத்தீனில் ‘பரபோலா’ ஆகி, நாளடைவில் வெறும் ‘சொல்’, ‘பேச்சு’ என்று பொருள் இளைத்தது. போர்த்துக்கீசில் ர, ல இடம் மாறி ‘பலவ்ரா’ ஆயிற்று. தசை சதையானதைப் போன்ற மாற்றம். நமக்குச் சாவி, ஜன்னல், மேசை என்ற சொற்களைத் தந்த அதே மாலுமிகள் 15ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு இதைக் கொண்டு போனார்கள். கரையில் ‘பேச்சு’ என்றால் பெரும்பாலும் விலைப் பேச்சு, தகராறு தீர்க்கும் பேச்சு. அதனால் தகராறுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இச்சொல்லை எடுத்துக்கொண்டு வெட்டிப்பேச்சு என்ற பொருளுக்கு இறக்கிவிட்டனர். லைபீரியாவில் இன்றும் பலாவா என்றால் வம்பு, சண்டை. சணல் கீரைக் குழம்பு ஒன்றுக்கும் அங்கே ‘பலாவா சாஸ்’ என்றுதான் பெயர்.

இந்தச் சொல் உலகச் செய்திக்கு வந்தது லைபீரிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு. 1989 டிசம்பர் 24 அன்று கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லரின் படை நிம்பா மாவட்டத்தில் நுழைந்ததோடு தொடங்கிய போர், நடுவே சிறிது ஓய்ந்து, 2003 ஆகஸ்ட் 18 அன்று கானாவின் தலைநகர் அக்ராவில் கையெழுத்தான உடன்படிக்கையோடு முடிந்தது. போர்க்காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2009இல் தந்த இறுதி அறிக்கையில், நாடு முழுவதும் பலாவா குடில் திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பின்னர் தேசிய மனித உரிமை ஆணையம் அதை ஏற்று நடத்தியது.

நடைமுறை இப்படி. பாதிக்கப்பட்டவர் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறார். கோலா கொட்டை பகிர்ந்து கூட்டம் தொடங்கும். முதலில் முறையிட்டவர் பேசுவார். பிறகு எதிர்த்தரப்பு, சாட்சிகள். தவறு செய்தவர் ‘போரில் என்னென்னவோ நடந்துவிட்டது’ என்று மழுப்பக் கூடாது. யார் வீட்டை எரித்தேன், என்ன எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கும்போது லைபீரியர் சொல்வது ‘உன் காலைப் பிடிக்கிறேன்’. தமிழருக்கு இதை மொழிபெயர்க்கவே வேண்டாம். அடுத்து ஈடு: பணமாக, பொருளாக அல்லது உழைப்பாக. கடைசியில் இரு தரப்பும் சேர்ந்து உண்பார்கள், குடிப்பார்கள். முடிந்த வழக்கை மீண்டும் கிளறக் கூடாது.

எல்லா வழக்கும் இங்கே வராது. தீவைப்பு, கொள்ளை, நில அபகரிப்பு, அடிதடி வரலாம். கொலையும் பாலியல் வன்முறையும் வரக் கூடாது. அவை நீதிமன்றத்துக்கு உரியவை. இந்த எல்லைக்கோடு அழிந்தால் குடிலே குற்றவாளிக்கு ஒளிவிடம் ஆகிவிடும். போர்க்குற்ற நீதிமன்றத்துக்கான அலுவலகம் அமைக்கும் ஆணை 2024 மே மாதம்தான் கையெழுத்தானது. அதுவரை குடில்களின் மேல் விழுந்த சுமை நியாயமற்றது.

முறை தடுக்கி விழும் இடம் ஒன்று, யார் நடுவர் என்பது. நிம்பாவின் கான்டா நகரில் மாண்டிங்கோ இன மக்கள் போரில் ஓடிப்போக, அவர்கள் வீட்டிலும் நிலத்திலும் வேறு ஆட்கள் குடியேறினார்கள். திரும்பி வந்தவருக்கு, குடியேறியவரின் உறவினரே நடுவராக இருக்கும் குடிலில் என்ன நியாயம் கிடைக்கும்? பெண்களின் நிலை இன்னும் மோசம். மரபுக் குடிலில் அவர்கள் குரலுக்கு மதிப்புக் குறைவு. 2003இல் வெள்ளை உடுத்தித் தெருவில் அமர்ந்து போரை நிறுத்தச் சொன்ன பெண்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். அவர்களின் இயக்கத்திலிருந்து பெண்கள் நடத்தும் தனிக் குடில்கள் பிறந்தன. அவற்றின் பெயர்தான் ‘அமைதிக் குடில்’.

ஆகவே பலாவா குடிலைத் தமிழில் ‘அமைதிக் குடில்’, ‘சமாதானக் குடில்’ என்று எழுதுவது பிழை. இரண்டு அமைப்புகள் ஒன்றாகிவிடும்; பெண்கள் ஏன் வேறு குடில் கட்டினார்கள் என்ற செய்தியும் காணாமல் போகும். ‘பஞ்சாயத்து’ நெருங்கி வருகிறது. ஆனால் தமிழ்நாட்டில் அது அரசின் ஊராட்சியையும் கட்டப் பஞ்சாயத்தையும் சேர்த்தே நினைவூட்டும். ‘பேச்சுவார்த்தை’ தலைவர்களுக்கு இடையே நடப்பது. ஊர் மன்றத்தைக் குறிக்கும் ‘பொதியில்’ அழகான பழஞ்சொல், ஆனால் பலருக்குப் புரியாது.

நம்மிடம் பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது: வழக்கு. ‘பேச்சு வழக்கு’ என்னும்போது மொழி, ‘நில வழக்கு’ என்னும்போது தகராறு. பலாவாவின் இரு பொருளும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ஊர்ப் பொதுக்கொட்டகைக்குச் சாவடி என்ற பெயரும் உண்டு. எனவே கட்டடத்துக்கு ‘வழக்குச் சாவடி’, முறைக்கு ‘சாவடித் தீர்வு’ என்று எழுதலாம். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘பலாவா குடில் எனப்படும் வழக்குச் சாவடி’ என்று முழுதாக எழுதுங்கள். ‘பலாவா’ தனியே வந்தால் ‘வம்பு வழக்கு’ என்று பெயர்க்கலாம்: ‘எனக்கு எந்த வம்பு வழக்கும் வேண்டாம்.’