சஸ்பென்ஸுக்குத் தமிழில் என்ன சொல்?

"எங்கே கூட்டிட்டுப் போறே?"

"அது சஸ்பென்ஸ்!"

ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ எந்த வீட்டு வாசலிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். நம் பேச்சில் சஸ்பென்ஸ் என்றால் ரகசியம். பிறந்தநாளுக்கு வாங்கி வைத்திருக்கும் பொருள் சஸ்பென்ஸ். படத்தில் கொலைகாரன் யார் என்பது சஸ்பென்ஸ். முடிவை முன்னாடியே சொல்லிவிட்டால் "சஸ்பென்ஸை உடைச்சிட்டியே" என்று திட்டு விழும். மூடி வைக்கிற பானை போல, உடைத்தால் உடைந்துவிடுகிற பொருளாக அந்தச் சொல் தமிழில் குடியேறிவிட்டது.

ஆனால் அது பிறந்த இடத்தில் அதற்கு ரகசியம் என்ற பொருள் கிடையாது. சொல் ஊர் மாறும்போது பொருளும் மாறுவது இயல்புதான், அதில் தப்பில்லை. பேய்க்கதை எழுத உட்காரும் பிள்ளைகளை இந்தப் பொருள் மாற்றம் தப்பான வழியில் கூட்டிப்போவதைப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி, எழுதியதைப் படித்துக் காட்டுவோம். ஒருமுறை, கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை பேய்க்கதை ஒன்று கொண்டுவந்தாள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரு. ஒரு பெண், தொட்டிலில் கைக்குழந்தை, கணவன் கடலுக்குப் போயிருக்கிறான். ராத்திரி இரண்டு மணிக்குத் தெரு அடிபம்பின் சத்தம் கேட்டு அவள் விழிக்கிறாள். யாரோ தண்ணீர் அடிக்கிறார்கள் என்று புரண்டு படுக்கிறாள். சத்தம் நிற்கவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தால் பம்படியில் ஆள் இல்லை. கடைசி வரியில்தான் நமக்குத் தெரிகிறது: பம்பு ரிப்பேர், அதன் கைப்பிடியைச் சாயங்காலமே கழற்றி, அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

படித்து முடித்ததும் "பகீர்னு இருந்துச்சு" என்றார்கள். ஒருவர் மட்டும், "நல்லா இருக்கும்மா, ஆனா கடைசி வரி வர்ற வரைக்கும் கதை சும்மா கிடக்குதே" என்றார். அவளுக்கு முகம் வாடிவிட்டது. "சஸ்பென்ஸ் வேணும்னுதான்ணா கைப்பிடி விஷயத்தைக் கடைசி வரைக்கும் மறைச்சேன்" என்றாள் என்னிடம். மறைத்தால் அதுதான் சஸ்பென்ஸ் என்று அவளுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளே கற்றுக்கொண்டது அது.

சரி, சொல்லின் ஊருக்குப் போவோம். லத்தீனில் 'சுஸ்பெந்தெரே' என்று ஒரு வினைச்சொல். 'பெந்தெரே' என்றால் தொங்கவிடுதல். முன்னால் ஒட்டியிருக்கும் 'சுஸ்', கீழிருந்து மேலாக என்ற பொருளைத் தருவது. தரையைவிட்டு எழும்பி, மேலே ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு, காலுக்குக் கீழே பிடிமானம் இல்லாமல் நிற்கிற நிலை அது. பிரெஞ்சு வழியாகச் சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்னால் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது கதைக்காரர்களின் சொல்லாக வரவில்லை, சட்டக்காரர்களின் சொல்லாக வந்தது. ஓர் உரிமையோ உத்தரவோ நடைமுறைக்கு வராமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் அதைக் குறித்தது. என்ன ஆகுமோ என்று காத்திருக்கிறவனின் மனநிலைக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது. கதைக்கு அதற்கும் அப்புறம்.

இதே வேரில் முளைத்த சொற்கள் நம் வாயில் தினமும் புழங்குகின்றன. வேலையில் சஸ்பெண்ட் ஆனவர் வேலையில் இருக்கிறார், ஆனாலும் வேலையில் இல்லை. ஆபீஸில் பெண்டிங் கிடக்கும் ஃபைல், கடிகாரத்தின் பெண்டுலம், பைக்கின் சஸ்பென்ஷன் எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள். பென்ஷன்கூட இந்தக் குடும்பம்தான்: தராசில் தொங்கவிட்டு எடைபோட்டுக் கொடுப்பது என்ற பொருளிலிருந்து வந்தது. எம்.சி. ரோட்டுப் பக்கம் செயினில் கோப்பதற்கு பெண்டன்ட் வாங்குகிறார்களே, அதுவும் தொங்குவதால் பெற்ற பெயர்தான். நம் பாட்டிகள் காதில் ஆடிய தொங்கட்டானுக்கும் அந்த பெண்டன்டுக்கும் பெயர் வைத்த விதம் ஒன்றே.

இந்தப் பொருள் எனக்கு மண்டையில் ஏறியது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்தான். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வருடங்களில் அந்தச் சாலையில் மேம்பாலத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு ராத்திரி போக்குவரத்தை நிறுத்தி, கிரேனில் ஒரு பெரிய கான்கிரீட் துண்டைத் தூக்கினார்கள். அது அந்தரத்தில் மெல்லத் திரும்பியது. கீழே டீக்கடை ஓரம் நாங்கள் இருபது பேர் நின்றிருந்தோம். ஒருவரும் பேசவில்லை. எதுவும் மறைவில் இல்லை. என்ன தொங்குகிறது, எதில் தொங்குகிறது, விழுந்தால் எங்கே விழும், எல்லாமே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. அத்தனையும் தெரிந்ததால்தான் வாய் உலர்ந்து போயிற்று. தொங்கும் சுமைக்குக் கீழே நிற்காதே என்று வேலை நடக்கும் இடங்களில் பலகை வைப்பார்கள். அதன் ஆங்கில வாசகத்தில் வரும் சொல்லும் சஸ்பென்ஸின் உடன்பிறப்புதான். பேய்க்கதை எழுதுகிறவரின் வேலை, அந்தப் பலகையை எடுத்துவிட்டு வாசகரைச் சுமைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துவது.

இதைத் தமிழில் முதலில் சரியாகப் பிடித்தவர்கள் கணக்குப்பிள்ளைகள் என்பேன். என் அப்பா மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதினார். பற்றும் வரவும் ஒத்துப்போகாமல் நாற்பது ரூபாய் இடித்தால், அதைத் தற்காலிகமாக ஒரு தலைப்பின் கீழ் எழுதி வைப்பார். ஆங்கிலத்தில் அதற்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர். அப்பா எழுதியது 'அனாமத்து'. பள்ளிக்கூடக் கணக்குப் பதிவியல் பாடத்திலும் அனாமத்துக் கணக்கு என்றே இருக்கிறது. அரபியில் அமானத் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். உருது வழியாக வந்து தமிழில் இடம் மாறி, உரியவர் வரும்வரை கிடக்கும் பொருளுக்குப் பெயராயிற்று. "பை அனாமத்தா கிடக்குது" என்கிறோமே, அது. அந்த நாற்பது ரூபாய் ரகசியம் இல்லை, நோட்டைப் புரட்டுகிற எவர் கண்ணுக்கும் படும். போய்ச் சேர இடம் கிடைக்காமல் நிற்கிறது, அவ்வளவுதான். அது தீரும்வரை அப்பா சாப்பாட்டில் கவனமில்லாமல் இருப்பார்.

கதை உலகில்தான் குழப்பம். சஸ்பென்ஸ் என்றதும் பலர் 'மர்மம்' என்று எழுதுகிறார்கள். மர்மம் வடமொழியில் உயிர்நிலையைக் குறித்த சொல். வர்மக்கலையின் வர்மமும் அதன் வழியில் வந்ததுதான். உடம்புக்குள் ஒளிந்திருக்கும் இடம் என்பதிலிருந்து, ஒளிந்திருக்கும் எதற்கும் பெயராயிற்று. யார் செய்தது, எப்படி நடந்தது என்று பின்னோக்கித் தேடும் கதைக்கு அது பொருத்தமான சொல். சஸ்பென்ஸ் முன்னோக்கிப் பார்ப்பது: இனி என்ன ஆகும்? 'திகில்' பயத்தின் பெயர், பயம் வந்துவிட்ட பிறகு உள்ள நிலை. 'விறுவிறுப்பு' வேகத்தைச் சொல்கிறது, ஆனால் நல்ல பேய்க்கதை பாதி நேரம் ஆமை வேகத்தில்தான் நகரும். 'எதிர்பார்ப்பு' கல்யாணச் சாப்பாட்டுக்கும் வரும். அச்சம் எவற்றால் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. எதனால் என்பதற்கு அது பதில். சஸ்பென்ஸில் நம்மைக் கொல்வது 'எப்போது' என்ற கேள்வி.

அந்த 'எப்போது'வைத் தமிழ் வேறு வழியில் பிடித்து வைத்திருக்கிறது. நம் பேச்சைக் கவனியுங்கள். திடுமென ஒன்று நடந்தால் "திக்குன்னு ஆயிடுச்சு", "பக்குன்னு இருந்துச்சு" என்கிறோம். ஒரே அடி. நடக்கப்போவதற்காகக் காத்திருந்தால் "திக்திக்குன்னு இருக்குது", "படபடன்னு அடிச்சிக்குது" என்கிறோம். சொல் இரட்டிக்கிறது, அதற்குள் நேரம் வந்துவிடுகிறது. அதிர்ச்சிக்கு ஒரு திக், சஸ்பென்ஸுக்கு இரண்டு திக். இதைவிடத் துல்லியமாக ஒரு மொழி இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட முடியுமா என்று எனக்குத் தோன்றுகிறது. மாடியில் அன்று எல்லோரும் "பகீர்" என்றார்களே, அந்த ஒற்றைச் சொல்லே அவள் கதைக்கான விமர்சனம்.

அதனால் வாசகர் மனத்தில் நடப்பதற்கு நான் சொல்லும் பெயர் பதைபதைப்பு. பதை என்பது தனியாகவும் நின்று பொருள் தரும் வினை, ஆகவே இலக்கணம் படித்தவர்கள் இதை இரட்டைக்கிளவி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிரித்தால் பொருள் தராததுதான் இரட்டைக்கிளவி. இருக்கட்டும். அடுக்கி வருவதால் கிடைக்கும் துடிப்பு இதிலும் இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இருப்பதும் பதைபதைப்புதான், பேய்க்கதையின் ஏழாம் பக்கத்தில் நமக்கு இருப்பதும் அதுதான்.

எழுத்தாளர் கதைக்குள் செய்து வைக்கும் வேலைக்கு வேறு ஒரு சொல் வேண்டும். அதற்குத் தொங்கல் போதும். "விஷயம் தொங்கல்ல நிக்குது", "என்னைத் தொங்கல்ல விட்டுட்டுப் போயிட்டான்" என்று எங்கள் தெருவில் சாதாரணமாகச் சொல்வார்கள். லத்தீன்காரர் கண்ட படத்தை நம் ஆட்கள் யாரிடமும் கடன் வாங்காமல் கண்டிருக்கிறார்கள். சாகக் கிடப்பவருக்கு "உயிர் ஊசலாடுது" என்பதும் அதே படம்தான், ஊசல் என்றால் ஊஞ்சல். ஊசலாட்டம் என்று வைக்கலாமே என்றால், அது இப்போது முடிவெடுக்கத் தெரியாதவனின் தடுமாற்றத்துக்குப் போய்விட்டது. தொங்கலுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நம் பேய்க்கதைகளில் மூத்த ஒன்றில் தொங்கல் நிஜமாகவே தொங்குகிறது. முருங்கை மரத்தில் வேதாளம். விக்கிரமாதித்தன் அதை இறக்கித் தோளில் போட்டு நடக்கிறான். அது கதை சொல்லிக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை வெடிக்கும், பேசினால் வேதாளம் பழையபடி மரம் ஏறிவிடும். இந்த விதியில் மறைத்தது எது? எல்லாமே முதலிலேயே சொல்லியாகிவிட்டது. விதி தெரிந்த பிறகு, அவன் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் நமக்குப் பதைக்கிறது. சின்ன வயதில் மின்வெட்டு ராத்திரிகளில் ஆயா இதைச் சொல்லும்போது, அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்தி வெற்றிலை மடிப்பார். காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, நிதானமாக. "அப்புறம் ஆயா?" என்று நாங்கள் கெஞ்சுவோம். அந்த வெற்றிலை நேரம்தான் தொங்கல்.

அந்தத் தங்கையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னேன்: கைப்பிடியை முதல் பாராவுக்குக் கொண்டுவா. அவள் யோசித்தாள். "அப்போ கடைசியில சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காதேண்ணா?" "அடுத்த வாரம் எழுதிட்டு வாம்மா, பார்ப்போம்" என்றேன்.

எழுதி வந்தாள். இப்போது கதை சாயங்காலம் தொடங்குகிறது. மெக்கானிக் போல்ட்டைக் கழற்றி, துருப்பிடித்த நீளமான கைப்பிடியை உருவி, "காலையில வந்து மாட்டறேன்கா, வெளியே வச்சா பழைய இரும்புக்குப் போட்டுடுவானுங்க" என்று அவளிடம் கொடுக்கிறார். அவள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறாள். கையில் ஒட்டிய கிரீஸைச் சோப்பு போட்டுக் கழுவுகிறாள், போகவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதும் விரலில் அந்த வாசனை. இத்தனை சாதாரணமான விஷயங்கள் ஒன்றரைப் பக்கம். பேய் என்ற சொல்லே இல்லை.

ராத்திரி இரண்டு மணி. கிரீச், டொக்.

அவ்வளவுதான், மாடியில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். கதையில் அந்தப் பெண் இன்னும் அரைத் தூக்கத்தில் இருக்கிறாள், அவளுக்குக் கைப்பிடி ஞாபகம் வரவில்லை. நமக்கு இருக்கிறது. அவள் புரண்டு படுக்கும்போது "எழுந்துக்காதேம்மா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். போன வாரம் சும்மா கிடந்த அதே புரளல்தான் இது.

அப்புறம் நான் சொல்லாத ஒன்றையும் அவளே சேர்த்திருந்தாள். பம்படியில் வளர்ந்த பெண், அதனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது: காலிக் குடத்தில் தண்ணீர் விழுந்தால் சத்தம் கனமாக இருக்கும், நிறைய நிறையச் சுருதி ஏறிக்கொண்டே போகும், கண்ணை மூடிக்கொண்டே குடம் எவ்வளவு நிறைந்தது என்று சொல்லிவிடலாம். கதையில் அந்தப் பெண் இருட்டில் படுத்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறாள். பாதிக் குடம். முக்கால் குடம். கை தன்னால் கட்டிலுக்கு அடியில் போகிறது, குளிர்ந்த இரும்பைத் தொடுகிறது. வெளியே சத்தம் மெலிந்து, கழுத்தளவு ஏறிவிட்டது. குடம் நிறைந்தால் அடிப்பவர் அதை இடுப்பில் எடுப்பார். எடுத்தால் எந்த வீட்டுக்கு வருவார்?

வழிகிற சத்தம் கேட்டது என்று எழுதி, அங்கேயே நிறுத்தியிருந்தாள். கீழே தெருவில் யாரோ நிஜமாகவே ஒரு குடத்தை இறக்கி வைத்த சத்தம் கேட்க, மாடியில் இருந்த ஏழு பேரும் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.