கதைக்கு எதற்குக் ‘காப்புரிமை’?

‘தேர்வாகும் கதைகளின் காப்புரிமை எங்களையே சாரும்.’ சிறுகதைப் போட்டி அறிவிப்புகளில் ஓயாமல் வரும் வரி இது. சொல்லும் பிழை, கேட்பதும் அளவுக்கு மீறியது.

இங்கே ‘காப்புரிமை’ என்று அவர்கள் சொல்ல வருவது காப்பிரைட்டை. அதிலுள்ள ‘காப்பி’, மிகுதியைக் குறித்த ‘கோப்பியா’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்து, பிரதி என்று பொருள் கொண்டது. படியெடுத்துப் பரப்பும் உரிமைதான் காப்பிரைட். தமிழில் பதிப்புரிமை.

காப்புரிமை என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை. அது பேடண்ட்டுக்கு, அதாவது புதிய கண்டுபிடிப்புக்கு அரசு தரும் உரிமைக்கு, உரியது. பாடநூல்களிலும் செய்திகளிலும் அப்பொருளில் வழங்குகிறது. காப்பி, காப்பு என்ற ஒலியொப்புமையும் காப்புச் செய்யுள் மரபும் சேர்ந்து அதை எழுத்தாளர் காதுக்கு இனிமையாக்கியிருக்கலாம். ‘படைப்பைக் காப்பதுதானே, காப்புரிமை என்றால் என்ன தவறு?’ என்பார்கள். வணிகக்குறியையும் சட்டம் காக்கத்தான் செய்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான நோக்கத்தைப் பெயராக வைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றை எப்படிப் பிரித்தறிவது? பேடண்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஆய்வில் தேற வேண்டும்; ஆயுளும் பொதுவாக 20 ஆண்டுதான். பதிப்புரிமையோ கதை எழுத்தில் அமைந்ததுமே பிறந்துவிடுகிறது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான, 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை 1908இல் திருத்தப்பட்டபோதே பதிவு முதலிய கட்டாயங்களை விலக்கிவிட்டது. எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் குறைந்தது 50 ஆண்டும் அது நீடிக்கும். சில நாடுகளில் வழக்குத் தொடுக்கப் பதிவு தேவைப்படலாம். உரிமையைத் தருவது பதிவன்று. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததால்தான், பதிவு செய்யாத கதைக்குப் பாதுகாப்பில்லை என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள்.

பதிப்புரிமை என்றால் பதிப்பகத்தின் உரிமை என்று மயங்குவோரும் உண்டு. ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று நூல்களில் அச்சிடும் நல்ல வழக்கம் அந்த மயக்கத்தைத் தீர்க்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு. லைசென்ஸ், அசைன்மென்ட் இரண்டையும் ‘உரிமை அளித்தல்’ என்றே எழுதிவிடுகிறார்கள். முன்னது உரிமம்: உரிமை உங்களிடமே இருக்க, குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இசைவு தருவது. பின்னது உரிமை மாற்றம்: கையெழுத்திட்டபின், ஒப்பந்தம் இடம் தராவிட்டால், உங்கள் கதையை உங்கள் தொகுப்பிலேயே சேர்க்க முடியாது. ஒரு சிறுகதையை வெளியிட இதழுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் முதல் வெளியீட்டு உரிமம் மட்டுமே. அதையும் ஒருமுறைதான் தர முடியும். வலைப்பூவில் எல்லோரும் படிக்கும்படி இட்ட கதையை ஏற்கெனவே வெளியானதாகவே பல இதழ்கள் கொள்கின்றன.

ஆகவே ‘காப்புரிமை’, ‘அனைத்து உரிமைகளும்’ என்று கண்டால் கையெழுத்திடுமுன் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அச்சா, இணையமா, ஒலிவடிவமா? எந்த மொழி? எத்தனை மாதம் வேறெங்கும் வெளியிடக் கூடாது? கதை வெளிவராமலே போனால் உரிமம் என்று முடிகிறது? மொழிபெயர்ப்பும் திரையாக்கமும் பட்டியலில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். போட்டியானால் இன்னொன்றையும் பாருங்கள்: தேர்வாகாத கதைகளுக்கும், அனுப்பியதாலேயே அந்த விதி பொருந்துமா? பொருந்தும் என்றால் அனுப்பாதீர்கள்.