இரண்டு மாதம் சம்பளம் வராத கப்பல்

மாலுமிகளின் சம்பள வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் நான். முதல் போன் பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வரும். மனைவி பேசுவார், இல்லையென்றால் அப்பா. ஏழெட்டு மாதமாகப் பணம் வரவில்லை, கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, முதலாளி போனை எடுப்பதில்லை. இவ்வளவு நாள் ஏன் பொறுத்தீர்கள் என்று கேட்டால், "அடுத்த வாரம் போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள் சார்" என்பார்கள்.

2024-ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டதாக சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பான ஐடிஎஃப் கணக்கிட்டது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: பழைய கப்பல், தலைக்கு மேல் கடன். சான்றிதழ் காலாவதியானதால் ஒரு துறைமுகம் அதைப் பிடித்து வைக்கிறது. ரிப்பேர் செலவும் துறைமுக வாடகையும் கப்பலின் விலையைத் தாண்டும்போது முதலாளி ஒதுங்கிவிடுகிறார். கப்பல் பதிவாகி, கொடி பறக்கவிடுவது ஒரு நாட்டின் பெயரில், கம்பெனி இன்னொரு நாட்டில், அதன் பெயரில் இருக்கும் ஒரே சொத்து இந்தக் கப்பல்.

சரி, இறங்கிவிடலாமே? ஆளில்லாத கப்பல் ஆபத்து என்று துறைமுகம் விடாது. எகிப்தில் 2017-ல் பிடிக்கப்பட்ட 'அமான்' கப்பலின் சீஃப் ஆபீசர் (கேப்டனுக்கு அடுத்தவர்), சிரியாவைச் சேர்ந்த முகமது ஆயிஷாவை அந்த நாட்டு நீதிமன்றம் கப்பலுக்குச் சட்டப்படியான காப்பாளர் ஆக்கியது. அவர் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்துக்கு, கப்பலை விட்டுப் போக முடியாது என்று அர்த்தம் என்பது மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போகத் தொடங்கியபோதுதான் அவருக்குப் புரிந்தது. கடைசியில் மின்சாரம் இல்லாத கப்பலில் தனி ஆளாக இருந்தார். போனை சார்ஜ் செய்யவும் சாப்பாடு வாங்கவும் கரைக்கு நீந்திப் போனார். ஊர் திரும்பியது 2021 ஏப்ரலில். புரியாத மொழியில் நீட்டப்படும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

மாலுமிகளின் உரிமைகளுக்கான சர்வதேச ஒப்பந்தமான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் செய்த திருத்தம் 2017 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி, ஒப்பந்தச் சம்பளம் இரண்டு மாதம் வராமல் முதலாளி தொடர்பை அறுத்துக்கொண்டாலே அது கைவிடல். சாப்பாடு, குடிநீர் தராமல் விட்டாலும், ஊர் திரும்பும் செலவைத் தராவிட்டாலும் அப்படித்தான். இதற்காகக் கப்பலுக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை எல்லாருடைய கண்ணிலும் படும்படி கப்பலில் ஒட்டியிருக்க வேண்டும். மாலுமி நேரடியாகவே அந்த இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்கலாம். சம்பள பாக்கி, ஊருக்குப் போகும் செலவு, அதுவரை சாப்பாடு, தண்ணீர், மருத்துவம் எல்லாம் அதில் அடங்கும்.

ஆனால் பாக்கியில் அதிகபட்சம் நான்கு மாதம்தான் கிடைக்கும். எட்டு மாதம் பொறுத்தவருக்கு மீதி நான்கு மாதம் கப்பலை விற்றால்தான் வரும். நீதிமன்றம் கப்பலைச் சிறைப்பிடித்து ஏலம் விட்டால், வங்கிக் கடனுக்கு முன்னால் மாலுமியின் சம்பளம் நிற்கும். பல நாட்டுச் சட்டங்கள் இதை ஒத்துக்கொள்கின்றன. ஆனாலும் கப்பலைக் காவல் காத்த செலவும் விற்ற செலவும் பொதுவாக முதலில் கழிந்துவிடும். நாள் போகப் போக அந்தச் செலவு ஏறும், துருப்பிடிக்கும் கப்பலின் விலை இறங்கும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பங்கிலிருந்துதான் போகிறது.

கப்பலை விட்டு இறங்கினால் சம்பளம் போய்விடும் என்ற பயம் பலரைக் கட்டிப்போடுகிறது. அது தவறு. உழைத்த நாட்களுக்கான பாக்கி கப்பலின் மேல் நிற்கும் உரிமை, நீங்கள் ஊரில் இருந்தாலும் அது உங்களுடன் இருக்கும். அதற்குக் காலக்கெடு மட்டும் உண்டு, நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே ஊர் திரும்பியதும் வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம் ஒரு தந்திரம். பாதிப் பணத்தைக் காட்டி, "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று எழுதி வாங்குவார்கள். பசியில் இருப்பவர் கையெழுத்துப் போட்டுவிடுவார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முடிந்தால், வாங்கிய தொகையை மட்டும் குறிப்பிட்டு "பாக்கிக்கான உரிமையை விடவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கப்பலில் ஏறும் நாளிலேயே வேலை ஒப்பந்தத்தையும், ஒட்டியிருக்கும் இன்சூரன்ஸ் சான்றிதழையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மாதாமாதம் சம்பளக் கணக்கில் கேப்டனின் கையெழுத்தை வாங்கி அதையும் அனுப்புங்கள். டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றுவிட்டால் உங்கள் போன் அணைந்துவிடும். வீட்டில் இருக்கும் அந்தப் படங்களை வைத்து இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும், கொடி நாட்டு அதிகாரிகளுக்கும், ஐடிஎஃப்-க்கும் குடும்பத்தினர் அன்றைக்கே எழுதலாம்.