சுவரில் ஃபோம் ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்காது

போன வாரம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு தம்பி வீட்டுக்குப் போனேன். இந்த வருஷம் இதே கதையில் இது ஐந்தாவது வீடு. மாடியில் குரல் பதிவு செய்யப் பத்துக்குப் பத்து அறை, நாலு சுவரிலும் கறுப்பு ஃபோம், கூரையில் முட்டை அட்டை. "அண்ணே, இவ்வளவு ஒட்டியும் கோயில் ரேடியோ செட்டு சத்தம் மைக்கில் விழுது" என்றார். விழத்தான் செய்யும்.

ஒரு துண்டு ஃபோமை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு அந்தப் பக்கம் போகும். மூச்சு போகிற வழியில் சத்தமும் போகும். அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கத்தான் ஃபோம். வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும், இடுக்கில்லாத அடைப்பு வேண்டும். பாக்கெட்டில் 'சவுண்ட் ப்ரூஃப்' என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். முட்டை அட்டை இதில் எந்தக் கணக்கிலும் வராது, தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அந்த அறையின் செங்கல் சுவர் தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது, சத்தம் வந்தது கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி வழியாகவும் திறந்த வென்டிலேட்டர் வழியாகவும். கனமான கதவு, சுற்றிலும் இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை (பீடிங்), முதல் செலவு அதற்குத்தான்.

சரி, உள்ளே? ஓர் அங்குல ஃபோம் 'ஸ்', 'ஷ்' போன்ற மேல் சத்தங்களை மட்டும் குடிக்கும். பேஸ் என்கிற தாழ்ந்த சத்தம் அப்படியல்ல, 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், அதற்கு இந்த ஃபோம் இருப்பதே தெரியாது. அதனால்தான் குரல் செத்துப்போய் பேஸ் மட்டும் குமுறுகிறது. மூலைகளில் 4 அங்குல ராக்வுல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகைகளைத் துணி சுற்றி நிறுத்துங்கள். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். மானிட்டர் ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, பக்கச் சுவரில் ஒருவரைக் கண்ணாடி பிடித்து நகர்த்தச் சொல்லுங்கள், கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில்தான் சத்தம் பட்டு உங்கள் காதுக்குத் திரும்புகிறது, அங்கே ஒரு பலகை. சுவர் முழுக்க மூட வேண்டாம்.

டைல்ஸ் தரைக்குத் தடித்த கம்பளம் போதும், ஆனால் பசை போட்டு ஒட்டாதீர்கள். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அடியில் ஈரம் தங்கி பூஞ்சை பிடிக்கும். சுருட்டி வெயிலில் போட முடிய வேண்டும். சுவர்ப் பலகைக்குப் பின்னாலும் இரண்டு அங்குலம் காற்றோட இடம் விடுங்கள், பேஸுக்கும் அது நல்லது.

அப்புறம் தீ. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதி மேடையில் விட்ட மத்தாப்பு, சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். சாதாரண மெத்தை ஃபோம் சில நிமிஷங்களில் அறை முழுக்க விஷப்புகையை நிரப்பிவிடும். அந்தத் தம்பி அறையில் பிளக் பாயிண்டைச் சுற்றி அதே ஃபோம், ஒரே சன்னலும் ஆணி அடித்து மூடியிருக்கிறது. சாமி விளக்கும் உள்ளேயே எரிகிறது. இன்றைக்கே அந்த ஆணியைப் பிடுங்குங்கள் தம்பி, விளக்கை வெளியே எடுத்து வையுங்கள்.